நடக்க வைக்காத நடைவண்டி

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. கடையில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் விலைக்கு முன்னால் அதன் பெயரைப் படிப்போம். 'பேபி வாக்கர்' என்று அச்சிட்ட அட்டைப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழுகிற கேள்வி இதுதான்: இதில் நடப்பது யார்? குழந்தை உட்கார்ந்திருக்கிறது. சக்கரங்கள் உருள்கின்றன. நடையென்று சொல்லத்தக்க எதையாவது செய்பவர் பின்னாலேயே ஓடிவரும் அம்மா மட்டும்தான்.

தமிழில் நாம் வைத்த பெயர் குழப்பத்தை இன்னும் அதிகமாக்கிவிட்டது. 'நடைவண்டி' என்றோம். அது ஏற்கெனவே வேறொரு பொருளின் பெயர். மூன்று மரச் சக்கரங்கள், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான் பழைய நடைவண்டி. அதில் உட்கார இடம் கிடையாது. குழந்தை தானாக எழுந்து நின்று, கட்டையைப் பிடித்து, தன் காலால் தள்ளினால்தான் அது நகரும். புதிதாக வந்திருப்பதோ ஒரு பிளாஸ்டிக் வளையம், நடுவில் தொங்கும் துணி இருக்கை, அடியில் ஏழெட்டு உருளைச் சக்கரங்கள். நிற்கத் தெரியாத குழந்தையையும் அதில் இறக்கி வைத்துவிடலாம். ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் இருந்தால் அகராதிக்காரர்களுக்குத்தான் தொல்லை என்பார்கள். இங்கே தொல்லை குழந்தையின் மண்டைக்கு.

பழைய வண்டிக்கு வயது அதிகம். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் சிறுவர்கள் மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடுகிறார்கள். குதிரை இல்லாத தேர், மூன்றே சக்கரம். நம் ஊர்த் தச்சர்கள் செய்கிற வண்டிக்கு மூத்த உறவு என்று தயங்காமல் சொல்லலாம்.

அதைவிட சுவாரசியமான சாட்சி பிள்ளைத்தமிழ். தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, பிறகு மறந்துவிடுகிற பத்துப் பருவங்கள். காப்பில் தொடங்கி செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று ஆண்பால் பிள்ளைத்தமிழ் முடிகிறது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை தூக்கி ஆடுவது செங்கீரை. அதற்கு ஐந்தாம் மாதம் என்பார்கள். உட்கார்ந்து கை கொட்டுவது சப்பாணி. அது ஒன்பதாம் மாதம். 'வா, வா' என்று கூப்பிட, தளர்நடை போட்டு வருவது வருகை. அதற்குப் பதின்மூன்றாம் மாதம் என்பது வழக்கமான கணக்கு. பாட்டியல் நூல்களுக்குள் ஒரு மாதம் முன்பின் வேறுபாடு இருக்கலாம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். வருகை ஆறாவது, சிறுதேர் பத்தாவது. குழந்தை நடந்த பிறகுதான் வண்டி வருகிறது. வண்டியில் ஏற்றி நடையைக் கொண்டுவரலாம் என்று எந்தப் புலவருக்கும் தோன்றவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பழைய கணக்கிலிருந்து அதிகம் விலகவில்லை. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதியது அது. இந்தியக் குழந்தைகள் டில்லியைச் சேர்ந்தவர்கள். உதவியில்லாமல் நடக்கிற வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எங்கும் இருக்கலாம் என்றது அந்த ஆய்வு. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிடுகிறார்கள் என்றும் சொன்னது. ஆக, பக்கத்து வீட்டுப் பாப்பா பத்தாம் மாதம் நடந்தால், நம் வீட்டுப் பாப்பா பதினாறாம் மாதம் நடக்கலாம். இரண்டு பேருமே சரியாகத்தான் நடக்கிறார்கள். இந்த ஆறு மாத இடைவெளியில் பெற்றோருக்கு ஏற்படும் கவலையைத்தான் வாக்கர் கம்பெனிகள் பெட்டியில் போட்டு விற்கின்றன.

நான் இருக்கிற நல்லேப்பிள்ளி, பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த தாலுகா. தமிழக எல்லை அதிக தூரமில்லை. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், மருந்துச் சீட்டில் ஆங்கிலம் என்று மூன்று பாஷையில் பிழைப்பவர்கள் நாங்கள். குழந்தை பிறந்தால் சடங்குகளும் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். மலையாள வழக்கப்படி இருபத்தெட்டாம் நாள் அரைஞாண், ஆறாம் மாதம் சோறூட்டு. தமிழ் வழக்கப்படி தாய்மாமன் சீர், மொட்டை, காதுகுத்து. இந்த வைபவங்களில் ஏதாவது ஒன்றுக்கு வாக்கர் வந்து சேர்ந்துவிடும். பெரும்பாலும் அதைப் பெற்றோர் வாங்குவதில்லை. துபாயிலிருந்து லீவில் வரும் சித்தப்பாவோ, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மாமாவோ கொண்டுவருகிற பிரியமான பரிசு அது. பரிசாக வந்ததை வேண்டாமென்று சொல்ல நம் நாக்கு எழாது.

அது வந்து இறங்குகிற வீடும் மாறியிருக்கிறது. பழைய ஓட்டு வீடுகளில் சாணம் மெழுகிய தரை, அல்லது கரடுமுரடான சிமென்ட். அறைக்கு அறை நிலைப்படி. குழந்தை தவழ்ந்து அந்தப் படியில் வந்து நிற்கும். ஏறுவதா, திரும்புவதா என்று யோசிக்கும். சக்கரம் வைத்த எதுவும் அந்தத் தரையில் வேகமெடுக்காது. இப்போதைய வீடுகளில் முகம் பார்க்கலாம் போன்ற டைல்ஸ். கூடத்திலிருந்து வெளி வராந்தாவுக்குத் தடையே கிடையாது. வராந்தா முடிகிற இடத்தில் மூன்று படி, கீழே சிமென்ட் கல் பதித்த முற்றம். இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களில் மலைச்சரிவில் கட்டிய தமிழர் லயங்களில் கேட்கவே வேண்டாம். வாசலைத் தாண்டினாலே இறக்கம்தான்.

வாக்கரில் இருக்கும் குழந்தை நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் போகும் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். நான்கு மீட்டர் நீளக் கூடம் என்றால் நான்கே நொடி. சோற்றுக் கஞ்சியை வடிக்கச் சட்டியைச் சாய்த்து நிமிர்வதற்குள் குழந்தை வராந்தா விளிம்புக்குப் போய்விட்டிருக்கும். எட்டு மாதக் குழந்தைக்கு இயற்கை கொடுத்த வேகம் அதுவல்ல. படி என்றால் என்ன, விளிம்பு என்றால் என்ன என்று அதன் மூளை இன்னும் படிக்கவில்லை. படிக்காத ஒருவரிடம் பிரேக் இல்லாத வண்டியைக் கொடுத்து அனுப்புவது போன்ற காரியம் இது.

விழும்போது என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தவழும் குழந்தை விழுந்தால் அதன் உயரம் ஓர் அடிகூட இல்லை. கைகள் முன்னால் இருக்கும். வாக்கரோடு சேர்ந்து உருளும் குழந்தைக்கு அந்த வண்டியின் கனமும் வேகமும் சேர்ந்துகொள்கின்றன. இருக்கையிலிருந்து கால் விடுபடுவதில்லை. அந்த வயதில் உடம்பிலேயே கனமான உறுப்பு தலை. எனவே தலைதான் முதலில் தரையைத் தொடுகிறது.

இது ஊகம் அல்ல. 'பீடியாட்ரிக்ஸ்' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் 2018இல் வந்த ஆய்வு, 1990 முதல் 2014 வரையிலான கணக்கைக் கொடுத்தது. அந்த 25 வருடங்களில் வாக்கரால் அடிபட்டு அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த, 15 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் 2,30,676 பேர். அவர்களில் 90.6 சதவீதம் பேருக்கு அடி தலையிலோ கழுத்திலோதான். 74.1 சதவீதம் பேர் விழுந்தது படிக்கட்டிலிருந்து. மற்றவர்களில் வண்டியிலிருந்து சரிந்தவர்கள் உண்டு. வாக்கர் கொடுத்த உயரத்தாலும் வேகத்தாலும் எட்டக்கூடாததை எட்டியவர்களும் உண்டு. சூடான டீ டம்ளர், அடுப்பு, தொங்கும் மின்சார ஒயர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இதில் அடங்கும். நம் வீட்டில் இதற்கெல்லாம் பஞ்சமில்லை.

கனடா இதற்கு மேல் யோசிக்கவில்லை. 2004 ஏப்ரல் 7இல் உலகத்திலேயே முதல் நாடாக வாக்கர்களைத் தடை செய்தது. விற்பனை, இறக்குமதி, விளம்பரம் மூன்றுக்கும் தடை. பழைய வாக்கரை வீட்டு வாசலில் வைத்து இரண்டாம் கையாக விற்பதுகூடக் குற்றம். 1,00,000 கனடா டாலர் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். நம்மூர்ப் பாட்டி ஒருத்தி டொரன்டோவில் பேத்தியைப் பார்க்க அன்போடு ஒரு வாக்கர் எடுத்துக்கொண்டு போனால், அந்த ஊர்ச் சட்டத்தின் கண்ணில் அவர் கொண்டுவருவது தடை செய்யப்பட்ட சரக்கு. அதே சரக்கு இங்கே ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு பொம்மைக் கடை வாசலில் தொங்குகிறது. செல்போனில் விரலைத் தட்டினால் வீட்டுக்கே வருகிறது.

சரி, அடிபடாமல் பார்த்துக்கொண்டால்? நடக்கவாவது கற்றுக்கொள்ளுமே? அங்கேதான் இந்தப் பொருளின் பெயர் முழுப் பொய்யாகிறது. அயர்லாந்தில் 190 குழந்தைகளை ஆராய்ந்து 2002இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஒரு கட்டுரை வெளியிட்டது. அவர்களில் 102 பேர் வாக்கர் பயன்படுத்தியவர்கள். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், ஒவ்வொரு 24 மணி நேர வாக்கர் உபயோகத்துக்கும் தனியாக நிற்பது 3.7 நாளும் தனியாக நடப்பது 3.3 நாளும் தள்ளிப்போயிருந்தன. அதாவது தினம் ஒரு மணி நேரம் என்று 24 நாள் வாக்கரில் விட்டால், நடை மூன்று நாள் தாமதம். இதனால் குழந்தை முடமாகிவிடாது. பின்னால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் சீக்கிரம் நடக்கட்டும் என்று வாங்கிய பொருள் தாமதமாக நடக்க வைக்கிறது என்றால், நாம் கொடுத்த காசு எதற்கு?

காரணம் புரிந்துகொள்ள எளிதானது. நடை என்பது கால் வேலை மட்டுமல்ல. முதுகு, இடுப்பு, கழுத்து, கண் எல்லாம் சேர்ந்து சமன் செய்கிற வேலை. வாக்கரில் முதுகையும் இடுப்பையும் வளையம் தாங்கிக்கொள்கிறது. கால் விரல் நுனியால் உந்தினால் போதும், வண்டி ஓடும். தட்டு மறைப்பதால் தன் பாதத்தையே குழந்தை பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தூரத்தில் கிடக்கும் கரண்டியை எடுக்க வேண்டுமே என்ற தவிப்புதான் குழந்தையைப் புரளவும் தவழவும் எழுந்து நிற்கவும் வைக்கிறது. அந்தத் தவிப்பைச் சக்கரம் தீர்த்துவைத்துவிடுகிறது. தவிப்பு தீர்ந்தபிறகு எதற்காக முழங்காலைத் தேய்க்க வேண்டும்?

இதையெல்லாம் எங்கள் ஊரில் எடுத்துச் சொன்னால் மூன்று பதில்கள் வரும். மூன்றுமே யோசிக்க வேண்டியவை.

முதல் பதில்: ''நாங்க பக்கத்துலயேதானுங்க இருக்கோம்.'' நியாயமான பதில்தான். ஆனால் 1997இல் அதே 'பீடியாட்ரிக்ஸ்' இதழில், வாக்கரால் அடிபட்டு ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்த 271 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. பத்தில் ஏறக்குறைய ஏழு குழந்தைகள் விழுந்தது, யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே. பார்ப்பது வேறு, எட்டிப் பிடிப்பது வேறு. நொடிக்கு ஒரு மீட்டர் போகும் வண்டியைப் பிடிக்க, உட்கார்ந்திருக்கும் பெரியவர் எழுந்திருக்கவே இரண்டு நொடி ஆகும். முட்டிவலி உள்ள அப்பத்தாவுக்கு இன்னும் அதிகம்.

இரண்டாவது பதில்: ''எங்க பெரியவனும் இதுலதானுங்க வளர்ந்தான், ஒண்ணும் ஆகலியே.'' உண்மை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஹெல்மெட் இல்லாமல் பொள்ளாச்சி போய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஆனவர்கள் வந்து நம்மோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுவதில்லை என்பதுதான் விஷயம்.

மூன்றாவது பதில் கொஞ்சம் கனமானது: ''நல்ல தரமானதா வாங்கிட்டா?'' இதற்கும் அமெரிக்க அனுபவத்தில் விடை இருக்கிறது. அங்கே 1990இல் 20,650 ஆக இருந்த குழந்தைகளின் எண்ணிக்கை 2003இல் 3,201 ஆகக் குறைந்தது. 84.5 சதவீத வீழ்ச்சி. காரணங்களில் ஒன்று, 1997இல் வந்த தரநிர்ணயம். வாக்கர் சாதாரண வாசலில் நுழையாத அகலத்தில் இருக்க வேண்டும், அல்லது படி விளிம்பில் சக்கரம் இறங்கியதும் தரையைப் பற்றி நிற்க வேண்டும் என்றது அது. கம்பெனிகள் தாமாக ஏற்றுக்கொண்ட அந்த விதி 2010இல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு அடுத்த நான்கு வருடங்களில், அதற்கு முந்தைய நான்கு வருடங்களைவிட 22.7 சதவீதம் அடி குறைந்தது. எனவே சட்டமும் தரமும் பயன் தருகின்றன என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் 2,000 குழந்தைகளுக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டேயிருந்தார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் திருப்தியடையவில்லை. சக்கரம் வைத்த வாக்கரை அடியோடு தடை செய்யுங்கள் என்பதுதான் அதன் கோரிக்கை.

இப்படியிருந்தும் நல்ல புத்தியுள்ள பெற்றோர் இதை ஏன் வாங்குகிறார்கள்? அம்மாக்களுக்கு அக்கறை இல்லை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அது பொய். வாக்கர் வாங்குவது குழந்தையின் காலுக்காக அல்ல, பெரியவர்களின் கைக்காக. பாத்திரம் தேய்க்க, துணி அலச, பால் கறக்க, குளிக்க இரண்டு கை வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் இடுப்பு மாற்றி இடுப்பு என்று ஊர்ந்த குழந்தை, இப்போது ஒரே இடுப்பை நம்பியிருக்கிறது. அந்த இடுப்பு இளைப்பாற ஒரு வளையம் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஒரு கணக்கைக் கவனியுங்கள். மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது 2017ஆம் வருடத் திருத்தம். 26 வாரம் என்றால் ஆறு மாதம். வாக்கர் பெட்டியில் பொதுவாகப் போட்டிருக்கும் வயது, 'ஆறு மாதம் முதல்'. லீவு முடிகிற நாளும் வாக்கர் வீட்டுக்குள் நுழைகிற நாளும் ஒன்றாக இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அங்கன்வாடியில் குழந்தையை உட்கார வைத்துப் பாட்டு சொல்லிக் கொடுப்பது மூன்று வயதிலிருந்துதான். ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் நடுவில் குழந்தையை யார் பார்ப்பது? ஊரக வேலை உறுதிக்காக 2005இல் வந்த சட்டம், வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. அங்கன்வாடியோடு சேர்ந்த குழந்தைக் காப்பகம் என்ற யோசனை 2022இல் 'பால்னா' என்ற பெயரில் மறுபடி வந்தது. காகிதத்தில் இருக்கும் தொட்டில்கள் கிராமத்துக்கு வந்து சேர்கிற வரை, அந்த இடத்தை வாக்கர் நிரப்பிக்கொண்டிருக்கும்.

வாக்கர் மட்டுமல்ல, குழந்தைச் சாமான்கள் எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். நம் சேலைத் தூளி கைக்குழந்தைக்குச் சுகமானதுதான். ஆனால் ஆறேழு வயது அக்காவோ அண்ணனோ அதில் ஏறிச் சுற்றி விளையாடி, துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கிய செய்திகள் தமிழ் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. குழந்தை விழித்ததும் தூளியை அவிழ்த்துச் சுருட்டி மேலே போடுவது அரை நிமிட வேலை. வெளிநாட்டுச் சரக்கு என்றால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். குழந்தையைச் சாய்வாகப் படுக்க வைக்கிற ஒருவகைத் தொட்டிலை ஃபிஷர்-பிரைஸ் கம்பெனி பத்து வருடம் விற்றது. அதில் 30 சிசுக்களுக்கு மேல் இறந்தது தெரியவந்த பிறகு, 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. அந்த ரகச் சாய்வுத் தொட்டில்கள் அனைத்தையும் 2022இல் அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுத்தது. கடையில் விற்கிறார்கள் என்பது ஒரு பொருள் பத்திரமானது என்பதற்குச் சான்று அல்ல.

நம் சட்டத்துக்குச் சக்தி இல்லாமல் இல்லை. குழந்தைகளுக்காக அது துணிந்து இறங்கிய சந்தர்ப்பங்கள் உண்டு. 1992இல் வந்த சட்டம் புட்டிப்பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரமே செய்யக்கூடாது என்றது. தாய்ப்பாலுக்குப் பதிலாக ஒரு பொருளைத் தாயின் பயத்தைக் காட்டி விற்கக்கூடாது என்பது அதன் தத்துவம். நடையைக் காட்டி விற்கும் வாக்கருக்கு அதே தத்துவம் ஏன் பொருந்தாது? பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற உத்தரவு 2020இல் பிறந்து 2021 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. பொம்மைச் சோதனைகள் கூர்முனை, உதிரும் சிறு பாகம், தீப்பற்றும் தன்மை, ஈயம் போன்ற நச்சு ஆகியவற்றைப் பார்க்கின்றன. படி விளிம்பில் வண்டி நிற்கிறதா என்று பார்ப்பது தனி ரகச் சோதனை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதற்குத் தனித் தரநிர்ணயம் வைத்திருக்கின்றன.

2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான பொருள்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரத்தை ஒரு மத்திய ஆணையத்துக்குக் கொடுத்தது. தரமில்லாத பிரஷர் குக்கர்கள் விற்க இடம் கொடுத்த இணைய வியாபாரக் கம்பெனிகளுக்கு 2022இல் அந்த ஆணையம் அபராதம் விதித்தது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வைத்தது. குக்கர் வெடித்தால் ஆபத்து என்பதை உணர்ந்த ஆணையம், வாக்கர் உருண்டாலும் ஆபத்து என்பதை உணர அதிக நேரம் பிடிக்கக்கூடாது. கனடா மாதிரித் தடை செய்ய மனமில்லை என்றால், படிச் சோதனையைக் கட்டாயமாக்கட்டும். 'நடக்கக் கற்றுக்கொடுக்கும்' என்ற விளம்பர வாசகத்தை நீக்கட்டும்.

கூடவே, என் தொழிலைச் சேர்ந்த ஒரு கோரிக்கையும் உண்டு. கடையில் நான் புரட்டிப் பார்த்த பெட்டிகளில், சிரிக்கும் குழந்தையின் படம் முன்பக்கம் முழுவதும் இருக்கிறது. 'படிக்கட்டு அருகில் பயன்படுத்தாதீர்கள், குழந்தையைத் தனியாக விடாதீர்கள்' என்ற எச்சரிக்கை மட்டும் பின்பக்கத்தில், ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில். தமிழும் மலையாளமும் படிக்கிற பாட்டிதான் பகல் முழுக்கக் குழந்தையோடு இருக்கப் போகிறாள். அவளுக்குப் புரியாத பாஷையில் எச்சரிப்பது எச்சரிக்கை அல்ல. கம்பெனிக்கான வக்கீல் நோட்டீஸ்.

சட்டம் வருகிறபோது வரட்டும். அதற்குள் வீட்டில் செய்யக்கூடியவை இருக்கின்றன. வாக்கர் ஏற்கெனவே இருந்தால் அதன் சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஒதுக்கிவிடுங்கள். அடுத்த வீட்டுக்குத் தானம் கொடுத்து ஆபத்தை இடம் மாற்றாதீர்கள். தரையில் பாய் விரித்து, எட்டுகிற தூரத்துக்குச் சற்று அப்பால் ஒரு மரக்கரண்டியையும் எவர்சில்வர் கிண்ணத்தையும் வையுங்கள். அடுக்களை வாசலிலும் வராந்தா விளிம்பிலும் ஒரு பலகையைக் குறுக்கே கட்டுங்கள். நம் முன்னோர் கன்றுக்குட்டிக்குச் செய்ததுதான். கை வேலை இருக்கும்போது, நான்கு பக்கமும் தடுப்புள்ள, சக்கரம் இல்லாத அடைப்புக்குள் குழந்தையை விடலாம். பழைய மர நடைவண்டியைக்கூட, குழந்தை தானாகப் பிடித்து நின்று நாலடி எடுத்து வைத்த பிறகு, கரடான சமதரையில், கைக்கு எட்டும் தூரத்தில் ஆளிருக்கும்போது மட்டும் கொடுங்கள். வழுக்கும் டைல்ஸில் அதுவும் முன்னால் ஓடிவிடும்.

எதையும் மீறிக் குழந்தை தலை அடிபட விழுந்துவிட்டால், மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், வலிப்பு, நிறுத்த முடியாத அழுகை, காதிலோ மூக்கிலோ நீரோ ரத்தமோ கசிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 18 மாதம் ஆகியும் குழந்தை நடக்கவில்லை என்றாலும் டாக்டரைப் பாருங்கள். அப்போது தேவைப்படுவது டாக்டர், வாக்கர் அல்ல. வாங்கிய பொருள் ஆபத்தானது என்று பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் சொல்லலாம். புகார்கள் குவிந்தால்தான் ஆணையங்கள் அசையும்.

பெயர் விஷயத்துக்கு நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். 'நடைவண்டி' என்ற பழைய பெயர் தச்சரின் மர வண்டிக்கே இருக்கட்டும். பிளாஸ்டிக் வளையத்தை 'உருள்நாற்காலி' என்று சொல்லலாம். அது செய்வது அதைத்தான். குழந்தைக்கு ஓர் உருள்நாற்காலி வாங்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். எந்த அம்மாவும் ஒரு கணம் யோசிப்பாள். சித்தப்பா துபாயிலிருந்து போன் செய்து, பாப்பாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்: உருளுகிற எதுவும் வேண்டாம், வருகிற வழியில் ஒரு நல்ல கோரைப்பாய் வாங்கி வாருங்கள், பெரியதாக.